சுவடி தைத்த கைகள்

1856ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆம்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் கூடும் கால்நடைக் கண்காட்சி நடைபெற்றது. மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் பரிசு வழங்கிய அக்கண்காட்சியில் இல்லத்தார் சமைத்த பண்டங்களுக்கும் பரிசு உண்டு. கோதுமைக்கு உறவான 'ரை' என்னும் தானிய மாவையும் மக்காச்சோள மாவையும் கலந்து சுட்ட ரொட்டிக்கு அவ்வாண்டு இரண்டாம் பரிசு பெற்றவர், ஊரின் பெயர் பெற்ற வழக்கறிஞர் எட்வர்டு டிக்கின்சனின் மூத்த மகள். அடுத்த ஆண்டு அவரையே அப்போட்டியின் நடுவர் குழுவில் சேர்த்துக்கொண்டனர். எமிலி டிக்கின்சன் தம் வாழ்நாளில் ஊரறியப் பெற்ற சிறப்பு இதுதான். அவர் எழுதிய ஏறத்தாழ 1800 கவிதைகளில் அவர் உயிரோடிருந்தபோது அச்சேறியவை பத்துக்குச் சற்று முன்பின். அவையும் அவர் பெயரின்றியே வெளிவந்தன.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு அமைப்பாளர்கள் பணித்தபோது, இந்த ரொட்டியே முதலில் என் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளாக வகுப்பறையில் ஒப்பிலக்கியம் கற்பிக்கும் வேளைகளில் எமிலியை நான் வெள்ளுடை உடுத்து, அறைக் கதவை அடைத்துக்கொண்டு, உலகத்தை வெறுத்து வாழ்ந்த ஒரு துறவியாகவே அறிமுகம் செய்துவந்திருக்கிறேன். பாட நூல்கள் எனக்குக் கொடுத்த உருவம் அது. அவ்வுருவம் முழுப் பொய் அன்று. ஆனால் அந்த வெள்ளுடையின் வலப்புறத்தில் ஒரு பை தைக்கப்பட்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். காகிதத் துண்டும் பென்சிலும் வைத்துக்கொள்ள வாய்ப்பான பை. வேலை செய்யும் பெண்ணுக்கே தன் ஆடையில் பை வேண்டும் என்று தோன்றும்.

எமிலி 1830ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஆம்ஹர்ஸ்டில் பிறந்தார். அவர் பிறந்த செங்கல் வீடு பாட்டனார் சாமுவேல் ஃபௌலர் டிக்கின்சன் கட்டியது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியைத் தோற்றுவித்தவர்களுள் அப்பாட்டனாரும் ஒருவர். தமையன் ஆஸ்டின், தங்கை லவினியா. 1840இல் குடும்பம் வேறொரு வீட்டிற்குப் பெயர்ந்து, 1855இல் மீண்டும் பிறந்த வீட்டிற்கே திரும்பியது. அதன்பின் 1864, 1865ஆம் ஆண்டுகளில் கண் மருத்துவத்திற்காகப் பாஸ்டன் நகரை அடுத்துத் தங்கிய மாதங்கள் நீங்கலாக, எமிலியின் உலகம் அந்த வீடும் தோட்டமும்தான். மணம் செய்துகொள்ளவில்லை. புறவாழ்க்கை என்று சொல்லத்தக்கது இவ்வளவே. வாழ்க்கை வரலாற்றாசிரியனுக்கு ஏமாற்றம் தரும் வாழ்க்கை என்று இதனைச் சொல்வர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

கல்விக்கூடத்திலும் கைவேலை அவரை விடவில்லை. 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு வீட்டுப் பணிகள் அனைத்தையும் மாணவியரே பகிர்ந்து செய்யவேண்டும் என்பது விதி. எமிலிக்கு வந்த பணி, உணவு மேசைகளிலிருந்து கத்திகளைத் திரட்டுவதும் கழுவித் துடைப்பதும். இயற்கணிதமும் வேதியியலும் கற்ற அதே நாள்களில் கத்திகளையும் கழுவினார். ஓராண்டுக்குள் படிப்பு முடிந்து வீடு திரும்பினார். அதற்கு முன்பே, ஏறத்தாழப் பதினான்கு வயதில், அவர் தொடங்கியிருந்த ஒரு வேலையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஊரைச் சுற்றியுள்ள காட்டிலும் வயலிலும் பூவும் இலையும் பறித்து, அழுத்தி உலர்த்தி, தோல் அட்டையிட்ட ஏடு ஒன்றில் ஒட்டி, பலவற்றிற்கும் அடியில் சிறிய எழுத்தில் இலத்தீன் பெயரை எழுதிவைத்தார். 66 பக்கங்களில் 424 செடிகள். இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் அவ்வேட்டை, தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதால், ஆய்வாளர்களும் படிகளாகவே காண்கின்றனர். அதன் முதற்பக்கத்திலேயே ஒரு மல்லிகை இனம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் எத்தனை செடி, எதன் அருகே எது, எவ்வளவு வெற்றிடம் என்று அந்தச் சிறுமி கணித்த நேர்த்தியைப் பார்க்கும்போது, பின்னாளில் சொற்களை அதே வகையில் தாளில் வைக்கப்போகும் கை இது என்று உணரமுடிகிறது.

வீட்டு வேலை அனைத்தையும் அவர் விரும்பினார் என்று எண்ணிவிடலாகாது. பெருக்குவதும் தூசு தட்டுவதும் அவருக்கு அறவே பிடிக்கா. பத்தொன்பது வயதில், தாயார் நோயுற்றுக் கிடந்தபோது குடும்பப் பொறுப்பு தம் தலையில் விழுந்ததைப் பற்றித் தோழிக்கு எழுதிய கடிதத்தில் கசப்பையும் கேலியையும் கலந்து கொட்டித் தீர்த்திருக்கிறார். துடைப்பம் லவினியாவின் கைக்குப் போயிற்று; அடுப்பும் மாவும் எமிலியின் பங்காயின. தந்தையார் அவர் கை ரொட்டியன்றி வேறு ரொட்டியை விரும்பியதில்லை. 1870இல் அவரை நேரில் காணவந்த எழுத்தாளர் தாமஸ் வெண்ட்வொர்த் ஹிக்கின்சன், உயரிய இலக்கிய உரையாடலுக்கு நடுவே இச்செய்தியையும் அவர் வாயாலேயே கேட்டுத் தம் மனைவிக்கு எழுதிவைத்தார். எட்டாண்டுகளுக்கு முன், 1862 ஏப்ரலில், தம் கவிதைகளுக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய எமிலி முதன்முதலாகக் கடிதம் எழுதியது இந்த ஹிக்கின்சனுக்குத்தான். அவர் அன்பாளர், ஆனால் யாப்புச் சிதைவாக அவருக்குப் பட்டதெல்லாம் வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அடுக்களையை அடுத்த சரக்கறையில் பாலின் மேல் திரண்ட ஆடையை எடுத்துக்கொண்டே எமிலி கவிதை எழுதியதையும், எழுதியதைத் தம்மிடம் படித்துக்காட்டியதையும், அவருடைய ஒன்றுவிட்ட தங்கை லூயிசா நார்கிராஸ் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் ஒரு சிறு மணையில் அமர்ந்து கேட்டாராம். சமையற்குறிப்புத் தாள்களே கவிதைத் தாள்களும் ஆயின. தேங்காய்ப் பணியாரம் ஒன்றன் அளவுகளை எழுதிய தாளின் பின்புறத்தில் ஒரு கவிதை இருக்கிறது. பிரெஞ்சு நாட்டுச் சாக்லேட் ஒன்றன் உறையில் வேறொன்று. பிரித்த கடித உறைகளில் பல. மூடியின் முக்கோணத்திற்கு ஏற்ப அடிகள் குறுகியும் விரிந்தும் செல்லும் இவ்வுறைக் கவிதைகளை 2013இல் நிழற்படிகளாகத் தொகுத்து வெளியிட்டனர். காகிதத்திற்குப் பஞ்சமான வீடன்று அது. கைக்கு எட்டியதில் எழுதுவது வேலைக்காரக் கையின் வழக்கம், அவ்வளவே.

'கறுப்புக் கேக்' என்று அவர் அழைத்த பண்டத்தின் குறிப்பு ஒன்றும் அவர் கையெழுத்திலேயே கிடைத்துள்ளது. மாவு 2 ராத்தல், சர்க்கரை 2, வெண்ணெய் 2, முட்டை 19, உலர்ந்த திராட்சை 5 ராத்தல், அதன்மேல் பிராந்தியும் சர்க்கரைப் பாகும் சாதிக்காயும் கிராம்பும். தீபாவளிக்கு முந்திய இரவில் அதிரச மாவுக்கு எதிரே அமர்ந்த பெண்களுக்கு இப்பட்டியலின் கனம் தோளிலேயே தெரியும். எமிலி சிறுகூடான உடம்பினர் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அண்டை வீட்டுச் சிறுவர் சன்னலுக்குக் கீழே வந்து நிற்பர். மேலிருந்து கயிற்றில் கட்டிய கூடை இறங்கும். அதில் இஞ்சி ரொட்டி இருக்கும். பெரியவர்களுக்கு முகம் காட்ட மறுத்தவர், குழந்தைகளுக்குக் கூடையை மறுத்ததில்லை. ஊரில் எவர் வீட்டில் சாவு, எவர் வீட்டில் பிறப்பு என்றாலும், ஒரு பூங்கொத்தோ ஒரு பண்டமோ நாலு வரிக் கடிதத்தோடு போய்ச் சேரும். அப்பூக்களிற் பல, தந்தையார் அவருக்காகக் கட்டிக்கொடுத்த கண்ணாடிச் செடியறையில் வளர்ந்தவை. வெளியே முழங்கால் உயரப் பனி கிடக்கும் சனவரியில் உள்ளே மல்லிகை மணந்தது.

இவ்வளவும் கவிதைக்குப் புறம்பான செய்திகள் என்று கருதுவோர் அவர் கவிதைகளைத் திறந்து பார்க்கலாம். மாலை வானத்தை அவர் வீடு பெருக்கும் இல்லத்தரசியாகக் கண்டார். சாவு நேர்ந்த வீட்டின் மறுநாள் காலைச் சந்தடியைப் பாடினார். உலகக் கவிதையில் இறப்பைப் பற்றிய பாடல்கள் எண்ணற்றவை, ஆனால் அடுத்த நாள் வீட்டை ஒழுங்கு செய்யவேண்டிய பெண்ணின் பக்கத்திலிருந்து பாடியவை மிகக் குறைவு. ஈ, தேனீ, குளிர்காலப் பிற்பகலின் சாய்ந்த ஒளி, மேசை இழுப்பறை, ஊசி, தையல் ஆகியவற்றைக் கொண்டே அவர் முடிவிலியை எட்டினார். அவருடைய எழுதுமேசை ஒன்றரை அடிச் சதுரமே.

1858ஆம் ஆண்டு வாக்கில் அவர் தம் கவிதைகளைப் படியெடுத்துச் சேர்க்கத் தொடங்கினார். மடித்த தாள்களில் மையால் திருத்தமாக எழுதி, நாலைந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடப்புற ஓரத்தில் ஊசியால் இரண்டு துளையிட்டு நூல் கோத்து முடிந்தார். இவ்வாறு அவர் தைத்த சிறு சுவடிகள் 40. அவற்றுள் 800க்கும் மேற்பட்ட கவிதைகள். ஏட்டுச் சுவடியில் துளையிட்டுக் கயிறு கோத்த மரபில் வந்த நமக்கு இந்த உருவம் அயலானதன்று. அச்சுக்கூடத்தின் வாயிலில் காத்துநிற்காமல், தைக்கும் பெட்டியில் இருந்த ஊசியைக் கொண்டே தம் நூல்களைத் தாமே பதிப்பித்துக்கொண்டார் எனலாம். உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளே அவருடைய விளைச்சல் மிகுந்த காலம். 1863இல் மட்டும் ஏறத்தாழ 300 கவிதைகள் என்பது ஆய்வாளர் கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். எமிலி அடுக்களையில் மகிழ்ந்தார் என்பதைப் பெண்களை அடுக்களைக்கே அனுப்பிவைக்கும் சான்றாக மேடையில் ஒருவர் எடுத்தாண்டதை நானே கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒரு கணக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 1865இல் 200க்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதிய எமிலி, 1866இல் எழுதியதாகக் கிடைப்பவை பத்தளவே. கண்நோய், போரின் முடிவு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆனால் ஒன்பது ஆண்டுகள் அவ்வீட்டில் பணிசெய்த மார்கரெட் ஓ'பிரையன் என்னும் ஐரிஷ் பெண் திருமணமாகிச் சென்றதும் அந்த 1865இல்தான். அடுத்த நிலையான பணிப்பெண் 1869இல் வந்த மார்கரெட் மாஹர். அவர் வந்து நிலைத்தபின் கவிதைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது. இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்தவர் ஈஃபா மர்ரே. அவர் நூல் 2009இல் வெளிவந்தது. எல்லாவற்றையும் இதனால் விளக்கிவிட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். எனினும், ரொட்டி சுடுவது இன்பமாவதற்குப் பாத்திரம் துலக்கவும் துணி வெளுக்கவும் அடுப்புக்கு விறகு சுமக்கவும் இன்னொருத்தி இருந்தாள் என்பதை மறந்து அடுக்களையின் அழகைப் பாடுவது முறையாகாது. தெரிந்தெடுத்த வேலை வேறு, தலைமேல் விழுந்த வேலை வேறு. அவ்வேறுபாட்டை எமிலி தம் இருபதாவது வயதிலேயே அறிந்திருந்தார்.

பிற்காலம் துயர் மிக்கது. 1874இல் தந்தையார் மறைந்தார். ஓராண்டு கழித்துத் தாயார் பக்கவாதத்தில் வீழ்ந்து 1882 வரை படுக்கையிலிருந்தார். அவரைக் குளிப்பாட்டியும் ஊட்டியும் தேற்றியும் மகளிர் இருவரும் கழித்த ஏழாண்டுகளில், முன்பு தம்மோடு ஒட்டாதிருந்த தாயை எமிலி முதன்முறையாக நெருங்கி அறிந்தார். 1883இல் அண்ணன் மகன், எட்டு வயதுச் சிறுவன், காய்ச்சலில் இறந்தான். அதன்பின் எமிலி முழுமையாக எழவில்லை. 1886 மே 15ஆம் நாள் காலமானார். அவர் முன்னரே சொல்லிவைத்தபடி, வீட்டில் வேலைபார்த்த ஐரிஷ் தொழிலாளர் அறுவர் வெள்ளைப் பெட்டியைச் சுமந்து, தெருவழியே செல்லாமல், பின்வாசல் வழியாகத் தோட்டத்தைக் கடந்து, களஞ்சியத்தின் ஊடே, மஞ்சள் பூத்த வயல்வழியே இடுகாட்டிற்குக் கொண்டுசென்றனர்.

கவிதைச் சுவடிகள் அப்போது எங்கே இருந்தன? அவற்றைத் தம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததாக மார்கரெட் மாஹர் பின்னர் ஒரு வழக்கில் சாட்சி சொன்னார். தமக்கையின் சொற்படி கடிதங்களை எரித்த லவினியா, கவிதைகளை எரிக்க மனங்கொள்ளாமல் பதிப்பாளரைத் தேடி அலைந்தார். மேபெல் லூமிஸ் டாடும் ஹிக்கின்சனும் பதிப்பித்த முதல் தொகுதி 1890இல் வெளிவந்து பலமுறை மறுபதிப்பும் கண்டது. நன்றி சொல்லவேண்டிய பணிதான். ஆயினும் கோடுகளையும் சொற்களையும் அவர்கள் செப்பனிட்டார்கள். கவிதைகளுக்குத் தலைப்புச் சூட்டினார்கள். எமிலி கோத்த நூலை அறுத்துத் தாள்களைப் பிரித்து, தம் விருப்பப்படி அடுக்கினார்கள். சொற்களை ஓரளவு மீட்டுத் தந்தது 1955இல் வெளிவந்த தாமஸ் ஜான்சனின் பதிப்பு. சுவடிகளின் வரிசை மீள்வதற்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் ரால்ஃப் ஃபிராங்க்ளின் என்னும் பதிப்பாசிரியர். தாளின் வகை, மையின் கறை, மடிப்பின் தடம் ஆகியவற்றோடு அவர் நம்பியது ஊசித் துளைகளை. ஒரு தாளின் துளையும் மற்றொரு தாளின் துளையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று தாள் தாளாக வைத்துப் பார்த்தார். அவ்வாறு அவர் வெளியிட்ட நிழற்படித் தொகுதியில் பக்கங்களின் ஓரத்தில் அந்தத் துளைகளைக் காணலாம்.