வாக்குரிமைக்காக வாழ்விடத்தை இழந்த பருத்தித் தோட்டத் தொழிலாளி

உரிமையொன்று சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதும் அது சாதாரண மக்களின் கைகளுக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல. இனத்தையோ நிறத்தையோ காரணங்காட்டி வாக்குரிமை மறுக்கப்படலாகாது என 1870ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆயினும், 1962ஆம் ஆண்டு வரை தமக்கு அவ்வுரிமை உண்டென்பதையே அறியாதிருந்த கறுப்பினப் பெண்மணியொருவரின் வாழ்வை இங்கு நாம் நினைவுகூருகின்றோம். அவர்தான் ஃபானி லூ ஹேமர்.

மிசிசிப்பி மாநிலத்தில் 1917 ஒக்டோபர் 6ஆம் திகதி, 20 பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். வெள்ளையரின் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டில் பருத்தி பயிரிட்டு வந்தனர் அவரது பெற்றோர். ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கிய அவருக்குச் சில ஆண்டுகாலக் கல்வியே வாய்த்தது. பின்னர் ரூல்வில் நகருக்கு அண்மையிலிருந்த தோட்டமொன்றில், தொழிலாளரின் வேலை நேரத்தைப் பதியும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1962 ஒகஸ்டில், இளம் சிவில் உரிமைச் செயற்பாட்டாளர்கள் ரூல்வில் தேவாலயமொன்றில் நடத்திய கூட்டம் அவரது வாழ்வைத் திசை திருப்பியது. அம்மாதம் 31ஆம் திகதி அவருட்பட 18 பேர் பஸ் வண்டியொன்றில் இண்டியனோலா நகருக்குச் சென்று வாக்காளராகப் பதிய முயன்றனர். மாநில அரசியலமைப்பின் பிரிவொன்றுக்கு விளக்கம் எழுதுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். எவர் தேறினார் என்பதைத் தீர்மானிப்பவர் வெள்ளையினப் பதிவாளரே. ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில், பஸ்ஸின் நிறம் பிழையெனக் கூறி பொலிஸார் சாரதிக்குத் தண்டம் அறவிட்டனர். விண்ணப்பத்தை மீளப் பெறாவிடின் வெளியேற வேண்டுமெனத் தோட்டத்துரை கட்டளையிட்டார். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு அன்றிரவே அவர் வெளியேறினார். சில நாட்களில், அவருக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டின் மீது 16 வேட்டுகள் தீர்க்கப்பட்டன.

1963 ஜனவரியில் அவர் பரீட்சையில் தேறினார். எனினும், தலைவரி செலுத்திய பற்றுச்சீட்டுகள் இல்லையென்று வாக்களிப்பு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வினோனா நகரச் சிறையில் கொடூரமாகத் தாக்கப்பட்டார். சிறுநீரகத்திலும் கண்ணிலும் ஏற்பட்ட பாதிப்பு இறுதிவரை நீங்கவில்லை.

1964இல் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை ஏனையோருடன் சேர்ந்து அமைத்த அவர், வெள்ளையரை மட்டுமே கொண்ட மாநிலப் பிரதிநிதிகள் குழுவின் தகுதியை ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் கேள்விக்குட்படுத்தினார். அவரது சாட்சியம் ஒளிபரப்பாகிக் கொண்டிருக்கையில், ஜனாதிபதி ஜோன்சன் அவசர அவசரமாக ஊடகவியலாளர் சந்திப்பொன்றை நடத்திக் கெமராக்களைத் திசை திருப்பினார். அன்றிரவு தொலைக்காட்சிகள் சாட்சியத்தை மீள ஒளிபரப்ப, நாடே அதனைக் கேட்டது. சமரசமாக முன்வைக்கப்பட்ட இரு ஆசனங்களை அவரது கட்சி ஏற்க மறுத்தது.

1965 ஒகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1964இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் 6.7 வீதமானோரே பதிவு செய்யப்பட்டிருந்தனர். 1967இல் அது 59.8 வீதமாக உயர்ந்தது. 1968 மாநாட்டில் ஹேமர் தம் மாநிலத்தின் பிரதிநிதியாகவே அமர்ந்தார்.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. உணவுக்கும் உறைவிடத்துக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பவரின் வாக்கு சுதந்திரமானதாக இருக்க முடியாதென்பதைத் தமது அனுபவத்தில் கண்டவர் அவர். 1969இல் 40 ஏக்கர் நிலத்துடன் சுதந்திரப் பண்ணை என்னும் கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். நிதி நெருக்கடியால் அது நிலைக்கவில்லை. 1977 மார்ச் 14ஆம் திகதி, தமது 59ஆவது வயதில் அவர் காலமானார்.

வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய பாதுகாப்பொன்று 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் செயலிழந்தமை, வென்றெடுத்த உரிமையும் கவனிப்பாரற்றுப் போனால் தேய்ந்துவிடும் என்பதை உணர்த்துகின்றது. ஒரு வாக்கினால் என்னவாகிவிடும் என அலுத்துக்கொள்வோர் ஹேமரின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும். தனியொரு பெண்ணின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறிவிடாது தடுப்பதற்குப் பதிவாளரும் பொலிஸாரும் தோட்டத்துரையும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. வாக்கின் பெறுமதியை அதனைப் பறிக்க முயன்றவர்கள் நன்கறிந்திருந்தனர். அதனை வைத்திருப்பவர்கள் அறியாதிருக்கலாகாது என்பதே எமது கருத்தாகும்.