திவானை எதிர்த்த பேனா
பாரிஸ்டர் ஜி. பரமேசுவரன் பிள்ளையின் கதை

நாஞ்சில் நாட்டில் தலக்குளம் வேலுத்தம்பியை அறியாதவர் இல்லை. 1799-ம் ஆண்டில், கொடுமை செய்த மந்திரிகளை விலக்கும்படி கேட்டு, ஆயுதம் ஏந்திய ஜனக்கூட்டத்துடன் திருவனந்தபுரத்துக்கே சென்றவர் அவர்.

92 ஆண்டுகள் கழித்து அதே அரண்மனைக்கு இன்னொரு கோரிக்கை போயிற்று. இந்தத் தடவை வாளும் இல்லை, வேலும் இல்லை. பத்தாயிரம் பேருக்கு மேல் போட்ட கையெழுத்துதான் இருந்தது!

அதற்கு முன்நின்று உழைத்தவர் ஜி. பரமேசுவரன் பிள்ளை.

ஊரை விட்ட மாணவர்

அவர் 1864-ம் ஆண்டில் பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்தார். அப்போது ராமய்யங்கார் திவான். தோவாளை முதல் பறவூர் வரை திவான் வைத்ததே சட்டம்.

அந்தத் திவானின் நிர்வாகத்தைக் கண்டித்து மாணவர் பரமேசுவரன் பத்திரிகையில் எழுதினார். விளைவு? கல்லூரியையும் ஊரையும் விட்டு வெளியேற நேர்ந்தது. சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார்.

மகாராஜாவுக்கு மனு

திருவிதாங்கூரில் 1888-ம் ஆண்டிலேயே சட்டசபை ஏற்பட்டிருந்தது. ஆனால் அதில் சர்க்கார் அதிகாரிகளே அதிகம். ஜனங்களுக்கு இருந்த ஒரே வழி மனுப் போடுவதுதான்.

பெரிய உத்தியோகங்கள் எல்லாம் வெளியூரிலிருந்து வந்த பிராமணர்களுக்கே போகின்றன, படித்த உள்ளூர்க்காரர்களுக்கு இடமில்லை என்று 1891-ம் ஆண்டு ஜனவரியில் மூலம் திருநாள் மகாராஜாவிடம் முறையிட்டார்கள். அதுவே 'மலையாளி மெமோரியல்'. கேட்டது கிடைக்கவில்லை.

மன்னராட்சி நடந்த மற்ற நாடுகளிலும் மிதவாதிகளின் கதி இதுதான். ரஷ்யாவில் த்வேர் மாகாணத்து ஸ்தல ஸ்தாபனத்தார், ஜனங்களின் குரலுக்குச் செவிசாய்க்கும்படி புதிய ஜாரிடம் விண்ணப்பித்தார்கள். 1895-ம் ஆண்டில் இரண்டாம் நிக்கோலஸ் அதை வெறும் கனவென்று ஒதுக்கிவிட்டார்.

மூன்றாவது கையெழுத்து

மெமோரியலில் மூன்றாவதாகக் கையெழுத்திட்டவர் டாக்டர் பல்பு. ஈழவர். வைத்தியம் படித்தும் சொந்தச் சமஸ்தானத்தில் வேலை கிடைக்காமல், மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்.

நாளடைவில் நாயர்களுக்குச் சில பதவிகள் கிடைத்தன. ஈழவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பரமேசுவரன் பிள்ளை நாயர். தம்மவர்க்குக் கிடைத்தது போதும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1895-ம் ஆண்டில் புனா சமூக மாநாட்டில் ஈழவர்களின் குறையை எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு டாக்டர் பல்பு 13,176 பேரின் கையெழுத்துடன் தனி மனு கொடுத்தார். அதற்கும் பலனில்லை. பிள்ளை லண்டனுக்குச் சென்று, பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே அது பற்றிக் கேள்வி எழச் செய்தார்.

காந்திக்கு வழிகாட்டி

சென்னையில் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தபோது, 1896-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்க இந்தியர்களுக்காக ஆதரவு தேடி காந்தி அங்கே வந்தார். பிள்ளை தம் பத்திரிகையில் அவருக்கு இடம் கொடுத்தார். அடிக்கடி காரியாலயத்துக்கு அழைத்து யோசனையும் சொன்னார். காந்தி தம் சுயசரிதையில் இதை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பாரிஸ்டராகி இந்தியா திரும்பிய பிள்ளை 1903-ம் ஆண்டில் காலமானார். வயது 39.

மறு ஆண்டு, 1904-ல், திருவனந்தபுரத்தில் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. தோவாளை, அகஸ்தீசுவரம் உட்பட எல்லாத் தாலுகாக்களின் பிரதிநிதிகளும் திவானுக்கு எதிரே அமர்ந்தார்கள். சட்டம் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. குறைகளைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

குறை சொன்ன மாணவனை வெளியேற வைத்த சமஸ்தானம், குறை சொல்வதற்கென்றே ஒரு சபையைக் கூட்டியது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை!