லுட்விக் ஹாபர்லாண்ட்

லுட்விக் ஹாபர்லாண்ட் (பெப்ரவரி 1, 1885 - ஜூலை 22, 1932) ஆஸ்திரிய நாட்டு உடலியங்கியல் அறிஞர் ஆவார். இயக்குநீரைக் (ஹார்மோன்) கொண்டு கருவுறுதலைத் தற்காலிகமாகத் தடுக்க இயலும் என விலங்குச் சோதனைகளின் வழி காட்டியவர். கருத்தடை மாத்திரையின் பாட்டனார் என்றும் இவர் குறிப்பிடப்படுவதுண்டு.

வாழ்க்கைக் குறிப்பு

ஹாபர்லாண்ட் கிராத்ஸ் நகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் காட்லீப் ஹாபர்லாண்ட் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஆவார். கிராத்ஸில் மருத்துவம் பயின்ற லுட்விக், பின்னர் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இதயத் துடிப்பைத் தூண்டும் பொருள்கள் பற்றியும் இவர் ஆராய்ந்தார்.

சோதனைகள்

சினையாக உள்ள விலங்கின் சூலகத்திலிருந்து புதிய சினைமுட்டை வெளியேறுவதில்லை. அச்சூலகம் சுரக்கும் பொருளே இதற்குக் காரணமாயின், அதனை வேறொரு பெண் விலங்கின் உடலில் பதித்தால் அவ்விலங்கும் சினையுறாது என்பது இவருடைய கருதுகோள். 1919ஆம் ஆண்டளவில் தொடங்கிய சோதனைகளில், சினை விலங்குகளின் சூலகங்களைப் பிற பெண் முயல்களிலும் கினிப் பன்றிகளிலும் தோலுக்கு அடியில் பதித்தார். அவை ஆண் விலங்குகளுடன் இணைந்தும் சில காலம் சினையுறவில்லை. பின்னர் இனப்பெருக்கத் திறன் மீண்டது. 1921 இல் இம்முடிவுகளை வெளியிட்டார். நிலையான மலடாக்கம் அன்றி, மீளக்கூடிய தடையே இவருடைய நோக்கமாக இருந்தது.

அறுவை முறை மனிதருக்கு எளிதில் ஏற்றதன்று. எனவே சாறுகளை ஊசி மூலம் செலுத்தியும், சுண்டெலிகளுக்குச் சூலக, நச்சுக்கொடித் தயாரிப்புகளை உணவாகக் கொடுத்தும் சோதித்தார். வாய்வழியாகவும் கருவுறுதல் தடைப்படும் என 1927 இல் அறிவித்தார்.

எதிர்ப்பும் இறப்பும்

சமயத் தரப்பினரும் பழமைவாதிகளும் இவ்வாய்வைக் கடுமையாக எதிர்த்தனர். எனினும் ஹங்கேரியின் கெடியோன் ரிக்டர் நிறுவனத்துடன் இணைந்து, 1930 இல் இன்ஃபெகுண்டின் எனும் தயாரிப்பை உருவாக்கினார். அது பயன்பாட்டுக்கு வருமுன், 1932 இல் தமது 47ஆம் அகவையில் தற்கொலை செய்துகொண்டார்.

பிற்காலம்

இவர் பயன்படுத்தியவை தூய்மையாக்கப்படாத சாறுகளே. புரோஜெஸ்டிரோன் எனும் இயக்குநீர் 1934 இல் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. அது முயல்களில் சினைமுட்டை வெளியேறுவதைத் தடுக்கிறது என 1937 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். 1960 இல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தபோது, ஹாபர்லாண்ட் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.