உராய்வை வென்ற தச்சர்

நடுக்கடலில் எத்திசை நோக்கினும் நீர்தான் தெரியும். அங்கே கப்பல் கிழக்கு மேற்காக எவ்விடத்தில் இருக்கிறது என்பதை அறிய, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு உறுதியான வழி இல்லை. 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளுக்கு அருகே நான்கு போர்க்கப்பல்கள் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனவே, கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய வழி காண்போருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு வழங்கப்படும் என்று 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்தது.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும் கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கரேகை தெரிந்துவிடும். ஆனால், துறைமுக நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் அன்றைய கப்பல்களில் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர் ஜான் ஹாரிசன். இவர் 1693இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலைக் கற்ற இவர், கடிகாரம் செய்வதைத் தாமே முயன்று கற்றுக்கொண்டார்.

கடிகாரத்தின் ஆடும் உறுப்பு ஒவ்வொரு முறை ஆடும்போதும் உராய்வினால் சிறிது ஆற்றலை இழக்கிறது. உராய்வைக் குறைக்க இடும் எண்ணெயோ நாளடைவில் கெட்டியாகிவிடும். ஆகவே, எண்ணெய்ப் பசை நிறைந்த ஒருவகைக் கடின மரத்தால் ஹாரிசன் கடிகார உறுப்புகளைச் செய்தார். அவ்வாறு அவர் பிராக்கிள்ஸ்பி என்னும் ஊரில் அமைத்த கோபுரக் கடிகாரத்திற்கு எண்ணெயே தேவைப்படவில்லை.

பின்னர், கடற்பயணத்திற்காக மூன்று பெரிய கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். மூன்றாவது கடிகாரத்திற்கு மட்டும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்தார். ஆயினும், அது அவருக்கு மனநிறைவு தரவில்லை. அப்போது ஓர் உண்மையை உணர்ந்தார். சிறிய சக்கரம் விரைவாகவும் அகலமாகவும் ஆடினால், கப்பலின் குலுக்கல் அதனை எளிதில் பாதிக்காது. பல்லாண்டு உழைப்பை ஒதுக்கிவைக்க அவர் தயங்கவில்லை. ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கடிகாரத்தை 1759இல் செய்து முடித்தார். அது நொடிக்கு ஐந்து முறை துடித்தது. உராய்வைக் குறைக்க அதில் வைரத்தையும் மாணிக்கக் கற்களையும் பொருத்தியிருந்தார்.

1761இல் அவருடைய மகன் வில்லியம் அக்கடிகாரத்துடன் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாள்களில் அது காட்டிய பிழை ஏறத்தாழ ஐந்து நொடிகள் மட்டுமே! இருப்பினும், அதிகாரிகள் மேலும் சோதனைகள் கோரினர். இறுதியில், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவால், 1773இல் நாடாளுமன்றம் அவருக்கு 8,750 பவுண்டு வழங்கியது. அப்போது அவருக்கு வயது எண்பது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார்.

இன்றைய மின்னணுக் கருவிகளுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உறுப்புகள் அதிர்ந்து நேரம் காட்டுகின்றன. ஒவ்வோர் அதிர்விலும் வீணாகும் ஆற்றலை எவ்வாறு குறைப்பது என்று அறிவியலாளர் இன்றும் ஆராய்கின்றனர். அன்று அத்தச்சரின் பட்டறையில் எழுந்த கேள்வியும் அதுவே.