சி.வி.யும் மலையகத்தின் கல்வி மொழியும்

மலையகப் பிள்ளைகளுக்கு எந்த மொழியில் கல்வி புகட்டுவது என்ற விவாதம் எழும்போதெல்லாம் நாம் சி.வி. வேலுப்பிள்ளையை நினைத்துக்கொள்கின்றோம். அவ்வினாவின் சிக்கல் முழுவதையும் அவரது வாழ்க்கையிலேயே காணலாம்.

1914 செப்டெம்பர் 14ஆம் திகதி வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் அவர் பிறந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது வந்த 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள்மீது சுமத்தியது. ஆகவே தோட்டப் பாடசாலையில் தமிழ் இருந்தது. ஆனால் எழுத்தும் கணக்கும் அறிந்த அளவில் அது நின்றுபோயிற்று. பத்து வயதானால் பிள்ளையின் கைக்குப் புத்தகத்திற்குப் பதிலாக வேலை வந்தது. மேலே படிப்பதாயின் மலையை விட்டிறங்கி நகரத்து ஆங்கிலப் பாடசாலையை நாட வேண்டும்.

அவ்வாறு சென்ற மிகச் சிலருள் சி.வி. ஒருவர். ஹட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும், பின்னர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் பயின்றார். 1934இல் இலங்கை வந்த தாகூரிடம் தமது 'விஸ்மாஜினி' என்னும் ஆங்கில இசை நாடகத்தைக் கையளித்தபோது அவருக்கு இருபது வயது நிரம்பியிருக்கவில்லை.

1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலின்போது, அவரைத் தெரிவு செய்த மக்களிற் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலேயே இருக்கவில்லை.

1954இல் வெளிவந்த 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கிலக் கவிதை நூலே அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. கொழுந்து பறிப்பவளின் துயரைப் பாடிய அந்நூலை அவளால் வாசிக்க இயலவில்லை. சக்தீ பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கித் தர வேண்டியிருந்தது. இதற்காகச் சி.வி.யை நாம் குறை கூற மாட்டோம். ஆங்கிலத்தையும் குறை கூறுவதற்கில்லை. தமிழில் மேல்வகுப்புகளைத் திறந்து வையாதவர்களிடமே பிழை இருந்தது.

அப்பிழை இன்னும் முற்றாகத் தீரவில்லை. 1970களிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது, வகுப்புகளும் உயர்ந்தன. எனினும் தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் இன்றும் போதாமலேயே உள்ளன. பிள்ளையைச் சிங்கள மொழிமூலப் பாடசாலையிற் சேர்க்கும் தோட்டத்துத் தகப்பனிடம் போய் மொழிப்பற்றைப் பற்றி உபதேசிக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் தேடுவது மேல்வகுப்பை.

சி.வி.யோ தமிழுக்கே திரும்பினார். 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' முதலிய நாவல்களைத் தமிழில் எழுதினார். தோட்டந்தோறும் வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தேடித் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பை 1983இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, நவம்பர் 19ஆம் திகதி அவர் காலமானார். அப்பாடல்களை வழிவழியாகக் காத்து வந்தவர்களுட் பலர் பாடசாலை வாசலையே மிதியாதவர்கள்.