இரண்டு ரத்தம், ஒரு பெயர்!



பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பம் பூர்த்தி செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? முதல் கட்டத்தில் நம் பெயர், அடுத்த கட்டத்தில் தந்தை பெயர். பேனாவை எடுத்தோம், எழுதினோம், கீழே போய்விட்டோம். அரை நிமிஷ வேலை! ஆனால் அந்த இரண்டு கட்டங்களை நிரப்ப ஒரு மனிதருக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆனது என்றால் நம்புவீர்களா?

அவர்தான் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் இந்தப் பெயரைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது. அவர் பிறந்த குஸ்கோ நகரில் கால்பந்து மைதானத்துக்கே அவர் பெயர்தான். பேரும் புகழும் பிறகு வந்தவை. அவர் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

வென்றவரும் தோற்றவரும் ஒரே வீட்டில்

1532-ல் பிரான்சிஸ்கோ பிசாரோ தலைமையில் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் இருநூறு பேர்கூட இல்லாத ஒரு படையோடு பெருவுக்குள் நுழைந்தார்கள். இன்கா மன்னர் அதவால்பாவைப் பிடித்தார்கள்; அடுத்த வருஷமே கொன்றார்கள். தலைநகர் குஸ்கோவும் 1533-ல் அவர்கள் கைக்குப் போனது.

அதற்கு ஆறு வருஷம் கழித்து, 1539 ஏப்ரல் 12-ஆம் தேதி, அதே குஸ்கோவில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அப்பா செபாஸ்தியான் கார்சிலாசோ தெ லா வேகா, வென்ற கூட்டத்தில் ஒரு தளபதி. அம்மா சிம்பு ஓக்லோ, தோற்ற கூட்டத்தில் ஒரு இளவரசி. இன்காப் பேரரசர் வைனா காபாக்கின் உடன்பிறந்தவர் மகள். ஸ்பானியர் வருவதற்குச் சற்று முன்புதான் அதவால்பாவின் ஆட்கள் குஸ்கோ அரச குடும்பத்தைக் கொன்று குவித்திருந்தார்கள். அதில் தப்பிப் பிழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர்களுக்கு முறைப்படி திருமணம் நடக்கவில்லை. அப்பா தன் குலத்துப் பெரியவர் ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்: கோமேஸ் சுவாரெஸ் தெ ஃபிகெரோவா. நல்ல பெயர்தான், கௌரவமான பெயர்தான். ஆனால் அதில் அப்பாவின் பெயரும் இல்லை, அம்மாவின் குலமும் இல்லை!

இப்படி இரு இனத்துக்கும் பிறந்த பிள்ளைகளை ஸ்பானியர் 'மெஸ்டிசோ' என்று அழைத்தார்கள். கலப்பு என்று அர்த்தம். வாயில் வரும்போதே ஒரு ஏளனம் கலந்துதான் வரும்.

பையன் அம்மாவிடம் கெச்சுவா மொழி பேசினான். அப்பாவிடம் ஸ்பானிஷ் பேசினான். குஸ்கோவில் ஒரு பாதிரியார் அவனுக்கும், அவனைப் போன்ற மற்ற மெஸ்டிசோ பிள்ளைகளுக்கும் லத்தீன் சொல்லிக் கொடுத்தார். அம்மா வீட்டில் கிழட்டு மாமாக்கள் கூடுவார்கள். பழைய அரசர்களின் கதையைச் சொல்லுவார்கள். ஆண்டவர்கள் இன்று அடிமைகள் ஆகிவிட்டோமே என்று அழுது முடிப்பார்கள். பையன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

இன்னொன்றும் கற்றான். அது நமக்குப் பிடிக்கும். இன்காக்களுக்கு எழுத்து கிடையாது; கணக்கைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டு வைப்பார்கள். அதற்குக் கிப்பு என்று பெயர். கயிற்றின் அடியில் ஒன்றுகள், மேலே பத்துகள், அதற்கும் மேலே நூறுகள். நம்ம கணக்கு மாதிரியே தசம இடமதிப்பு! அப்பாவின் நிலத்துக் குடிகள் வரி கட்ட வரும்போது, ஸ்பானியர் எழுதிய கணக்கை நம்பாமல், இந்தப் பையனைக் கூப்பிட்டு முடிச்சோடு சரிபார்க்கச் சொல்வார்களாம். இரண்டு உலகத்துக்கும் நடுவில் அவன்தான் பாலம்.

அப்பாவுக்குக் கல்யாணம்

பையனுக்குப் பத்து வயசு இருக்கும். அப்போதுதான் இடி விழுந்தது. பெருவில் நிலமும் குடிகளும் பெற்ற ஸ்பானியர்கள் ஸ்பானியப் பெண்களையே மணக்க வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியது. தளபதி, லூயிசா மார்தெல் என்ற இளம்பெண்ணை முறைப்படி மணந்தார்.

அப்படியானால் சிம்பு ஓக்லோ? வரதட்சணை கொடுத்து, ஹுவான் தெல் பெத்ரோச்சே என்ற ஒரு சாதாரண ஸ்பானியருக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். பேரரசர் குலத்துப் பெண் வெளியே. பையன் மட்டும் அப்பா வீட்டில். கொஞ்ச வருஷத்துக்கு முன்புதான் ஸ்பானியர்களுக்குள்ளேயே சண்டை வந்து, தளபதி தப்பியோடி, எதிரிகள் இந்த வீட்டின் மேல் பீரங்கியால் சுட்டிருந்தார்கள். உள்ளே அம்மாவும் பிள்ளைகளும் பட்டினி. அப்போது ஒளிந்து ஒளிந்து சாப்பாடு அனுப்பி உதவியவர்களில் அம்மாவின் சொந்தக்காரர்களும் உண்டு. அந்த நன்றியெல்லாம் கல்யாண நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்பா கொடுமைக்காரரா? இல்லை. அதுதான் விஷயமே! பையனைப் பாசமாகத்தான் வளர்த்தார். குதிரையேற்றம் கற்றுக் கொடுத்தார். பிறகு குஸ்கோவின் நீதி அதிகாரியாக இருந்தபோது தன் கடிதங்களை மகன் கையால்தான் எழுதவைத்தார். பாசமும் இருந்தது, பேதமும் இருந்தது. ஒரே மனசுக்குள், ஒரே வீட்டுக்குள். தெருவில் போகிறவன் ஏளனம் செய்தால் திருப்பிக் கேட்டுவிடலாம். சோறு போடுகிற கையே கோடு கிழித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

செத்த அரசரின் விரல்

1559-ல் தளபதி இறந்தார். ஸ்பெயினுக்குப் போய்ப் படிக்கட்டும் என்று உயிலில் மகனுக்கு 4000 பெசோ எழுதி வைத்திருந்தார். 1560 ஜனவரியில், இருபது வயதில், கோமேஸ் குஸ்கோவை விட்டுக் கிளம்பினார்.

கிளம்பும் முன் ஒரு ஸ்பானிய அதிகாரி அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே பதப்படுத்திய பழைய இன்கா அரசர்கள், அரசிகளின் உடல்கள்! தலைமுடி, புருவம்கூடக் கெடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரின் விரலைக் கோமேஸ் தொட்டுப் பார்த்தார். மரக்கட்டை மாதிரி விறைப்பாக இருந்ததாம். அது வைனா காபாக்கின் விரல் என்று பின்னாளில் எழுதினார். அம்மாவின் பெரியப்பாவுக்கு அப்படித்தான் விடை சொன்னார். அம்மாவையும் அதற்குப் பிறகு அவர் பார்க்கவேயில்லை. 1571-ல் அம்மா காலமானார். மகன் கடலுக்கு அந்தப் பக்கம்.

ஒரு குதிரையால் போன வழக்கு

ஸ்பெயினில் மொந்தில்லா என்ற ஊரில் சித்தப்பா அலோன்சோ தெ வர்காஸ் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து மாட்ரிட் போனார். அப்பா அரசருக்குச் செய்த சேவைக்குப் பலன் வேண்டும், அம்மாவின் குலச் சொத்தில் பங்கு வேண்டும் என்று மனுப் போட்டார்.

மனு பரிசீலனைக்கு வந்தபோது சபை உறுப்பினர் ஒருவர் மடக்கினார். 1547-ல் வாரினா போர்க்களத்தில், அரசரை எதிர்த்துக் கலகம் செய்த கொன்சாலோ பிசாரோவுக்கு உம்முடைய அப்பா தன் குதிரையைக் கொடுத்து உயிர் தப்ப வைத்தாரே, வரலாற்றுப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறதே, அதற்குப் பலன் கேட்கிறீரா என்கிற கேள்வி! போர் முடிந்த பிறகுதான் குதிரை கொடுத்தார் என்று மகன் சொன்ன பதில் எடுபடவில்லை. அச்சில் வந்துவிட்டால் அது வேதவாக்கு.

பெருவில் அவர் இந்தியப் பெண்ணின் பிள்ளை. ஸ்பெயினில் துரோகியின் பிள்ளை. போவதற்கு மூன்றாவது இடம் ஏது?

அந்த அடி வாங்கிய பிறகுதான் அவர் ஒரு காரியம் செய்தார். 1563-ல் மொந்தில்லா தேவாலயப் பதிவேட்டில் அவர் பெயர் மாறுகிறது. எந்தப் பெயரைச் சபை அவமானப்படுத்தியதோ, அதையே எடுத்துக்கொண்டார். அப்பாவின் பெயர்: கார்சிலாசோ தெ லா வேகா. முதல் கட்டம் நிரம்பியது!

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது, வேதனையான வேடிக்கை. கிரனாடா மலைகளில் மொரிஸ்கோக்கள் கலகம் செய்தார்கள். முன்பு முஸ்லிம்களாக இருந்து மதம் மாற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். பெயர் மாற்றியும், மதம் மாற்றியும், ரத்தம் சுத்தமில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களை அடக்கப் போன படையில் 1570-ல் கார்சிலாசோவும் ஒரு கேப்டன்!

பேனா எடுத்தார்

வாள் சோறு போடவில்லை. பேனாவை எடுத்தார். லியோன் எப்ரேயோ என்ற யூத அறிஞர் இத்தாலிய மொழியில் எழுதிய காதல் தத்துவ நூலை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து 1590-ல் வெளியிட்டார். அட்டையில் தன்னை இந்தியர் என்றே போட்டுக்கொண்டார். பெயரோடு 'இன்கா' என்ற சொல்லையும் சேர்த்தார். அது அம்மாவின் குலம். இரண்டாவது கட்டமும் நிரம்பியது. அப்போது அவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

1609-ல் லிஸ்பன் நகரில் அச்சானது அவருடைய பெரிய நூல், இன்காக்களின் அரச வரலாறு. கிழட்டு மாமாக்கள் அழுதுகொண்டே சொன்ன கதையெல்லாம் அதில் ஏறியது. பெருவைப் பற்றி எழுதிய ஸ்பானியர்களுக்குக் கெச்சுவா சரியாகத் தெரியாது. அதனால் எத்தனை தப்பு வந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். 'வாக்கா' என்ற ஒரே சொல், உச்சரிக்கும் விதம் மாறினால் புனிதப் பொருளும் ஆகும், அழுகையும் ஆகும். பாலில் குடித்த மொழி என்பதால் அவருக்கு அது தெரிந்தது. ஸ்பானிய வாசகன் தப்புச் சொல்ல முடியாத நல்ல ஸ்பானிஷில் அதை எழுதினார்.

மெஸ்டிசோ என்ற சொல்லையும் அவர் விடவில்லை. எங்கள் தந்தையர் வைத்த பெயர், அதன் பொருள் தெரிந்தே வாய் நிறையச் சொல்லிக்கொள்கிறேன் என்ற கருத்தில் அந்த நூலிலேயே எழுதினார். ஏசுவதற்கு எடுத்த கல்லை வாங்கி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மாதிரி!

ஆனால் சொந்த வீட்டில்?

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் கைதட்டலோடு முடிந்திருக்கும். ஆனால் உண்மை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கார்சிலாசோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் பியாத்ரிஸ் தெ வேகா என்று ஒரு வேலைக்காரப் பெண். அவர் மூலம் தியேகோ தெ வர்காஸ் என்று ஒரு மகன். கோர்டோபா நகரப் பேராலயத்தில் தன் கல்லறைக்காக 1612-ல் ஒரு சிற்றாலயத்தை வாங்கினார் கார்சிலாசோ. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தியேகோவுக்குக் கொடுத்தார். உயிலில் இருவருக்கும் ஏதோ எழுதியும் வைத்தார். ஆனால் தியேகோவைத் தான் வளர்த்தவன் என்றுதான் குறிப்பிட்டார். மகன் என்ற சொல் அங்கே இல்லை.

பாருங்கள் நண்பர்களே! பெயருக்காக வாழ்நாளெல்லாம் போராடிய மனிதர். தன் அப்பா தன் அம்மாவுக்குச் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு சாம்ராஜ்யத்தின் தப்பையே திருத்தி எழுதியவர். வீட்டுக்குள் இருந்த ஒருவனுக்கு ஒரே ஒரு சொல் கொடுக்க அவர் பேனாவுக்கு வரவில்லை!

1616 ஏப்ரலில் அவர் இறந்தார். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் இறந்த அதே மாதம். கோர்டோபா பேராலயம் ஒரு காலத்தில் மசூதியாக இருந்து, மாதா கோவிலாக ஆன கட்டிடம். கலப்புப் பிள்ளைக்குக் கலப்புக் கட்டிடத்திலேயே இடம் கிடைத்தது. அவருடைய குலச்சின்னத்தில் ஒரு பாதி அப்பா வழிக் கேடயங்கள். மறு பாதி இன்காக்களின் சூரியன், சந்திரன்.

புத்தகம் சாகவில்லை. 1780-ல் இரண்டாம் துபாக் அமாரு என்ற தலைவர் பெருவில் பெரும் கிளர்ச்சி செய்தார். அவரும் மெஸ்டிசோ, இந்தப் புத்தகத்தைப் படித்தவர். கிளர்ச்சியை நசுக்கிய பிறகு, 1782-ல், புத்தகத்தைத் தேடிப் பறிமுதல் செய்யச் சொல்லி ஸ்பெயின் உத்தரவு போட்டது. 1978-ல் ஸ்பெயின் மன்னரே அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியைக் குஸ்கோவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நானூறு வருஷத்துக்கு மேல் கழித்துப் பிள்ளை ஊர் திரும்பினான்!

இன்று ஹிஸ்பானிக் மக்கள் என்கிறோமே, அவர்களில் வெள்ளை, கறுப்பு, செவ்விந்தியர், எல்லாம் கலந்தவர் என்று எல்லா நிறமும் உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளே வேறு வேறு நிறத்தில் இருப்பார்கள். வெளுத்த இடத்தில் சம்பந்தம் செய்து இனத்தை மேம்படுத்து என்று வீட்டுப் பெரியவர்களே பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற வழக்கம் அங்கே இன்னும் முழுசாக ஒழியவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து பேதத்தை எடுத்துவிடலாம். சாப்பாட்டு நேரப் பேச்சிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம்.

கார்சிலாசோ ஊரை ஜெயித்தார், வீட்டில் தோற்றார். அதனால் அவர் நமக்குச் சின்னவர் ஆகிவிடவில்லை; நம்மைப் போல ஒரு மனுஷர் ஆகிறார். அடுத்த முறை ஏதாவது படிவத்தில் பெயர் எழுதும்போது தியேகோவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் யாருக்காவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோமா என்று அப்போது யோசிக்கத் தோன்றும்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை