சதாசிவம் வழக்கில் பெயர் தொலைந்தவர்

1948 மார்ச் 27. இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலில் வந்திறங்கிய டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி, பொரளை வனாத்தமுல்லையில் இருந்த கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் புதிய நாட்டின் அணிக்குத் தலைவராக இறங்கியவர் மகாதேவா சதாசிவம். தமிழர். அப்போது அவருக்கு 32 வயது. பிரட்மன் 20 ஓட்டங்களோடு ஆட்டமிழந்தார். இலங்கை துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தபோது மழை வந்து ஆட்டத்தை முடித்துவைத்தது. 22 யார் நீளம் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது என்பது பின்னர் தெரியவந்து பெரிய பகிடியாகிப் போனது.

அதே 1948 நவம்பரில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். வசந்தத்தில் ஒரு தமிழரின் தலைமையில் விளையாடிய நாடு, வருடக் கடைசியில் இலட்சக்கணக்கான தமிழர்களை வெளியே தள்ளியது. சதாசிவத்தை நம்முடைய பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில்லை. அவர் வாழ்ந்த கொழும்பு வேறு. வெஸ்லி கல்லூரி, ஆங்கிலம், கழகங்கள், நடனம், மது என்று ஓடிய கொழும்பு அது.

கழகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கொழும்பில் கிரிக்கெட் இனவாரியாகத்தான் வளர்ந்தது. மலாயர்களுக்கு 1872 முதல் ஒரு கழகம் இருந்தது. 1899இல் சிங்களவர்களுக்கு எஸ்.எஸ்.சி.யும் தமிழர்களுக்குத் தமிழ் யூனியனும் உருவாகின. பறங்கியருக்கும் சோனகருக்கும் தனித்தனிக் கழகங்கள். எந்த இனம் என்று கேட்காத கழகம் ஒன்று வேண்டும் என்று 1888இல் தொடங்கியது என்.சி.சி. வெள்ளைக்காரரோ தங்களுடைய கழகத்துக்குள் எவரையும் விடவில்லை. இது பிரித்தாளும் சூழ்ச்சி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு இனத்தின் மேட்டுக்குடியும் தனக்கென ஒரு கூடம் வைத்துக்கொள்ள விரும்பியது, அவ்வளவுதான். சனிக்கிழமை ஒருவரையொருவர் எதிர்த்து ஆடினார்கள், இரவில் ஒன்றாகக் குடித்தார்கள். கழகங்களின் பெயர்கள் இன்றும் மாறவில்லை. கொழும்பு ஓவல் தமிழ் யூனியனின் மைதானம். இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17இல் அங்கேதான் தொடங்கியது. பதினேழு மாதங்கள் கழித்து, 1983 ஜூலை 24 இரவு, அதே பொரளையில் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் தமிழர்களை அடிக்கப் புறப்பட்டது.

சதாசிவம் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 11 மட்டுமே. சராசரி 42க்குக் கிட்ட. இந்த எண்களை வைத்து அவரை அளக்க முடியாது. இலங்கைக்கு அப்போது டெஸ்ட் தகுதி இல்லை. வெளிநாட்டு அணிகள் கப்பல் நிறுத்தும் இடைவெளியில் இறங்கி ஆடிவிட்டுப் போவார்கள். அவர் முழுவதுமாக வெளிப்பட்டது 1947இல் சென்னை சேப்பாக்கத்தில். தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள். அந்த மைதானத்தில் அதைப் பார்த்தவர்கள் பல ஆண்டுகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பந்து காப்பாளரின் கைக்குப் போகப்போகும் கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பித் தட்டிவிடும் வெட்டடிதான் அவருடைய அடையாளம். தான் பார்த்த துடுப்பாட்ட வீரர்களில் மிகச் சிறந்தவர் சதாசிவம்தான் என்று மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரல் கருதியதாக ஒரு கதை உண்டு. கொழும்பின் வயதான இரசிகர்கள் அதைச் சத்தியம் போலச் சொல்வார்கள்.

இன்னொரு வகைக் கதைகளும் உண்டு. இரவு முழுக்கக் குடித்துவிட்டு விடியற்காலையில் நேரே மைதானத்துக்கு வந்தார், ஆடை மாற்றிக்கொண்டு சதம் அடித்தார் என்பது போன்றவை. எத்தனை உண்மை, எத்தனை கூட்டிச் சொன்னவை என்பது முக்கியமில்லை. சொல்கிறவரின் முகத்தைத்தான் கவனிக்கவேண்டும். சிரித்துக்கொண்டு, கொஞ்சம் பொறாமையோடு சொல்வார்கள். வீட்டுக்கு வராத இரவுகள் திறமையின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டன. அந்த இரவுகளில் வீட்டில் யார் இருந்தார்கள் என்று அந்தக் கதைகளில் வராது.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவர். சதாசிவத்தின் பெயரைச் சொன்னதும், தன் தாயார் அந்த வழக்கை ஒவ்வொரு நாளும் பத்திரிகையில் வாசித்ததைச் சொன்னார். ஆண்கள் தீர்ப்பு என்னவாகும் என்று பந்தயம் கட்டினார்களாம். பெண்கள் குழந்தைகளைப் பற்றிக் கேட்டார்களாம். இறந்தவரின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். மிஸிஸ் சதாசிவம்தானே, என்றார் அன்ரி. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவருடைய பெயர் பரிபூரணம். வசதியான, கொழும்பில் செல்வாக்குள்ள தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், பம்பலப்பிட்டி சென். அல்பன்ஸ் பிளேஸில் வசித்தார். கணவருக்கு வேறொரு பெண்ணுடன் உறவு இருந்தது. பரிபூரணம் விவாகரத்துக்கோரி வழக்குத் தொடர்ந்திருந்தார். இது 1951 என்பதை நினைவில் வைக்கவேண்டும். அந்தக் காலத்தில், அந்த வகுப்பில், நான்கு பெண் பிள்ளைகளோடு ஒரு தமிழ்ப் பெண், நாடே கொண்டாடும் ஒருவர் மீது வழக்குப்போடுவது சின்னக் காரியமல்ல. சதாசிவத்தின் துணிச்சலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தத் துணிச்சலைப் பற்றி யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை.

1951 அக்டோபர் 9. முந்தின இரவு சதாசிவம் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார். காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் புறப்பட்டுப் போனார். பிற்பகலில் பரிபூரணத்தின் உடல் வீட்டின் கராஜில் கண்டெடுக்கப்பட்டது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்த வில்லியம் என்ற தென்பகுதி இளைஞர் காணாமற்போயிருந்தார். சதாசிவம் அன்றே கைது செய்யப்பட்டார். வில்லியமைப் பல நாட்களுக்குப் பிறகு தெற்கில் பிடித்தார்கள்.

வில்லியம் சொன்ன கதை, எஜமானர் கொன்றார், நான் உதவினேன் என்பதாக இருந்தது. நிபந்தனையோடு மன்னிப்பு வழங்கி அவரை அரச சாட்சியாக்கினார்கள். எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது: மரணம் எத்தனை மணிக்கு? பத்தரைக்கு முன் என்றால் கணவர் வீட்டில் இருக்கிறார். அதற்குப் பின் என்றால் வீட்டில் இருந்தவர் வேலைக்காரர். சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யு. டி சேரத்தின் மதிப்பீடு அரச தரப்புக்கு உதவியது. எதிர்த்தரப்பு எடின்பரோவில் இருந்து சேர் சிட்னி ஸ்மித்தை வரவழைத்தது. உலகில் அன்று அந்தத் துறையில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. உடல் வெப்பம் எவ்வளவு குறைந்திருந்தது, உணவு எவ்வளவு செரித்திருந்தது, பாதங்களில் என்ன அழுக்குப் படிந்திருந்தது என்பனவற்றை வைத்து, கொலை பிந்திய நேரத்தில் சமையலறையில் நடந்திருக்கவேண்டும், செய்தவர் வில்லியமாகவே இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பின்னர் தன்னுடைய நினைவுநூலிலும் அதை எழுதினார்.

சதாசிவத்துக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. ட்ரொட்ஸ்கியவாதி, சமசமாஜக் கட்சியின் தலைவர்களில் ஒருவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர். 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பை வரைந்தவரும் அவரே. நமது வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உழைக்கும் வர்க்கத்தின் தலைவர், ஒரு வேலைக்காரப் பையனைக் கொலைகாரனாகக் காட்டி வாதாடவேண்டியிருந்தது. சட்டத்தரணி என்ற வகையில் அவர் செய்தது அவருடைய கடமை. ஆனாலும் இந்தக் காட்சி என்னை விடுவதாயில்லை.

நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் ஜூரிமாரோடு நடந்த விசாரணை 1953 மார்ச்சில் தொடங்கி ஜூன் 25இல் முடிந்தது. குற்றவாளி அல்ல என்று ஜூரிமார் ஒருமனதாகச் சொன்னார்கள். இருபது மாத விளக்கமறியலுக்குப் பிறகு சதாசிவம் வெளியே வந்தார். மன்னிப்புப் பெற்றிருந்த வில்லியம் மீது வழக்கு நடக்கவில்லை. ஆகவே, பரிபூரணத்தின் சாவுக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சதாசிவம் நிரபராதி என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பை மறுபடி விசாரிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதே நியாயம் வில்லியமுக்கும் உண்டு: அவரை எந்த ஜூரியும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் கிரிக்கெட் கட்டுரைகளில் சதாசிவத்தின் தீர்ப்பை மதிப்பவர்கள், அடுத்த வரியிலேயே வேலைக்காரன் செய்தான் என்று உறுதியாக எழுதிவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு சட்டம், இன்னொருவருக்கு இன்னொன்று. ஒருவர் 215 அடித்தவர், மற்றவர் வீட்டு வேலைக்கு வந்த ஏழைச் சிங்களப் பையன். இனம் பார்த்து மட்டுமல்ல, வாசலில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்தும் நாங்கள் ஆட்களைத் தீர்ப்பிடுகிறோம்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒரு செய்தித் தலைப்பில் எழுவாய் யார் என்று முதலில் பாருங்கள் என்று பழக்கினார்கள். சதாசிவம் வழக்கு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலையுண்டவர் அதில் இல்லை. இந்த வழக்கைப் பற்றிப் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலத்தில். அங்கும் அவருடைய பெயர் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. வாழ்க்கைக் குறிப்புகளில் கொலை ஒரு துரதிர்ஷ்டமாக வருகிறது. யாருக்குத் துரதிர்ஷ்டம் என்று பார்த்தால், துடுப்பாட்டத்தின் நல்ல ஆண்டுகளை இழந்த சதாசிவத்துக்கு.

அமெரிக்க உதைபந்தாட்ட (அமெரிக்கன் ஃபுட்போல்) நட்சத்திரம் ஓ.ஜே. சிம்சன் முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு 1995இல் விடுதலையானார். கறுப்பரும் வெள்ளையரும் அந்தத் தீர்ப்பை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். 1997இல் சிவில் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாளி என்றது. இரண்டு வழக்குகளும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே நிக்கோல் பிரவுன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரியும். குடும்ப வன்முறை பற்றிய பேச்சு அந்தப் பெயரோடு வளர்ந்தது. இங்கே கொட்டாஞ்சேனையில் மென்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் சதாசிவத்தைத் தெரியுமா என்று கேட்டேன். முரளியைத் தெரியும் என்றார்கள். ஒருவன் மட்டும் தன் தாத்தா சொன்னதாகச் சேப்பாக்கத்தின் 215ஐச் சொன்னான். ஓட்ட எண்ணிக்கை மூன்று தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

யார் கொன்றார் என்று தெரியாத சாவுகளோடு வாழப் பழகியவர்கள் நாங்கள். கோப்பு மூடப்பட்டது என்று சொல்லி அனுப்பிவைக்கப்பட்ட தாய்மார் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, சதாசிவத்தின் வெட்டடியைப் பற்றி எழுதத் தொடங்கிய நான் பம்பலப்பிட்டி கராஜுக்குப் போய்விட்டேன்.

விடுதலைக்குப் பிறகு அவர் மறுமணம் செய்துகொண்டார். 1950களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போய், இரண்டு அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணித்தலைவர் என்ற அபூர்வப் பெருமை அப்படி வந்தது. கொலைவழக்கில் இருபது மாதம் உள்ளே இருந்த ஒருவரை இரண்டு நாடுகள் தலைவராக்கின. தீர்ப்பை மதித்தார்கள் என்றும் சொல்லலாம், மணிக்கட்டை மதித்தார்கள் என்றும் சொல்லலாம். பரிபூரணத்தின் நான்கு பிள்ளைகள் தாயில்லாமல் வளர்ந்தார்கள்.

வழக்கு இன்னொரு இடத்திலும் வாழ்கிறது. சட்ட மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூல் எழுதினார். மரண நேரத்தைக் கணிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் இன்றும் காட்டும் உதாரணம் அது.

சதாசிவம் 1977 ஜூலை 9இல் கொழும்பில் காலமானார். வயது 61. பன்னிரண்டு நாட்கள் கழித்துப் பொதுத்தேர்தல் வந்தது. அடுத்த மாதம் தமிழர்கள் மீது தாக்குதல் தொடங்கியது, கொழும்பில் இருந்து குடும்பங்கள் வடக்கே கப்பல் ஏறின.